பழைய பீட்டிலில் புது ரிலே: தகட்டில் கட்டுங்கள், கார் உடம்பைத் துளைக்காதீர்கள்

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மாமா விட்டுப்போன 1972 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார், 12 வோல்ட், கரண்ட் உண்டாக்குவது இன்னும் பழைய டைனமோதான். லோட் ஷெடிங் நாளில் தெருவிளக்கும் இல்லாமல் டோங்காட் பக்கம் போனால் ஹெட்லைட் மெழுகுவத்தி மாதிரி எரிகிறதாம். ஹெட்லைட்டுக்கு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), முன்னால் இரண்டு ஸ்பாட் லைட், போனுக்கு ஒரு சார்ஜர் வேண்டும். "இதையெல்லாம் எங்கே பொருத்துவது அண்ணே? காரில் ஓட்டை போட மனசு வரவில்லை" என்கிறார்.

மனசு வராதது நல்லதுதான். அந்தக் காரில் எஞ்சின் பின்னால்; முன் டிக்கிக்கு அடியிலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு டிரில் வைக்கிற இடம் அல்ல அது.

முதலில் வோல்ட் பார்க்கும் மீட்டரை எடுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட், எரியும் பல்பின் பின்னால் எத்தனை என்று பாருங்கள். அரை வோல்ட் வித்தியாசம் என்றால் ரிலே வேண்டாம். ஃபியூஸ் முனைகளையும், காரின் உடம்போடு சேரும் எர்த் முனையையும் தேய்த்துச் சுத்தம் செய்தாலே போதும். ஒன்றரை வோல்ட் என்றால் ரிலே போடலாம். வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். பீட்டிலில் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில். அங்கிருந்து முன்னால் வந்து, சுவிட்ச், டிம்மர், ஃபியூஸ் எல்லாம் தாண்டித்தான் கரண்ட் பல்புக்குப் போக வேண்டும். ஐம்பது வருஷத்துச் சுவிட்ச் அது.

இப்போது இடம். முன் பானெட்டைத் தூக்கி, டாஷ்போர்டுக்குப் பின்பக்கம் மூடியிருக்கும் அட்டையைக் கழற்றுங்கள். ஸ்பீடோமீட்டரின் முதுகும் வைப்பர் மோட்டாரும் தெரியும். அதுதான் உங்கள் இடம். ஆனால் அதற்கு மேலே, கண்ணாடிக்கு முன்னால், காற்று வாங்கும் கம்பிவலை உண்டு. அதன் அடியிலுள்ள தொட்டியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் உள்ளேதான் சொட்டும். டர்பன் மழையில் எனக்கு வந்த கார்களில் பாதிக்குத் தண்ணீர் அந்த வழியாகத்தான் வந்திருந்தது. அதனால் தொட்டிக்கு நேர் கீழே வேண்டாம். ரிலேயை எங்கே வைத்தாலும், வயர் செருகும் கால்கள் கீழே பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் பட்டாலும் வழிந்து போய்விடும்.

காருக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வயரிங் செய்யாதீர்கள். இரண்டு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, ஒரு போஸ்ட் கார்டைவிடக் கொஞ்சம் பெரிதாக. ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ரிலே சாக்கெட் மூன்று, மூடியுள்ள பிளேடு ஃபியூஸ் பெட்டி ஒன்று. எல்லாவற்றையும் சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்தத் தகட்டில் பொருத்தி, வயர் முனைகளைக் கிரிம்ப் செய்து (அழுத்திப் பிடித்து), துணி டேப் சுற்றி முடியுங்கள். அப்புறம் ஏற்கெனவே இருக்கும் போல்ட் இரண்டில், நடுவே ரப்பர் வாஷர் வைத்து, தகட்டை மாட்டினால் வேலை முடிந்தது. சாதாரணக் கறுப்பு டேப் நம் ஊர் வெயிலில் ஆறே மாதத்தில் கோந்தாக வழியும்; வாங்காதீர்கள்.

ஹெட்லைட்டுக்கென்று பெட்டியில் கூடுதல் ஃபியூஸ் சேர்க்கத் தேவையில்லை. உங்கள் காரில் டிம், பிரைட் இரண்டுக்கும் இடது வலது என்று தனித்தனியாக நாலு ஃபியூஸ் இருக்கிறது. ஒன்று போனாலும் மற்ற விளக்கு எரியும், அருமையான ஏற்பாடு. அதைக் கெடுக்காதீர்கள். டிம்மரிலிருந்து ஃபியூஸ் பெட்டிக்கு வரும் வெள்ளை வயர் பிரைட், மஞ்சள் டிம். இரண்டையும் பெட்டியில் உருவி, இரண்டு ரிலேகளிலும் 86 என்று எண் போட்ட காலில் செருகுங்கள். 85 எர்த்துக்கு. 87-இலிருந்து புது வயர் அதே ஃபியூஸ் முனைக்கு. பழைய வயர் ஒன்றைக்கூட வெட்டவில்லை பாருங்கள்; வேண்டாமென்றால் ஐந்து நிமிடத்தில் பழையபடி ஆக்கிவிடலாம். அந்த நாலு பழைய ஃபியூஸுக்குப் பதிலாக மட்டும் புதிதாக, செம்புத் தகடு உள்ளதாக வாங்குங்கள். அலுமினியம் கடல்காற்றில் வெண்மையாகப் பூத்துவிடும்.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. ஜெர்மன் காரில் பிரவுன்தான் எர்த். மினி, மாரிஸ் மைனர் போன்ற பிரிட்டிஷ் கார்களைப் பார்த்துப் பழகிய கைக்குப் பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் கரண்ட்! உதவிக்கு வரும் நண்பர் அந்த ரகம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு ரிலேகளின் 30-க்கும் பேட்டரியிலிருந்து தனியாக 6 சதுர மில்லிமீட்டர் சிவப்பு வயர். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்ப் ஃபியூஸ். இதில் சமரசம் கிடையாது. ஃபியூஸ் காப்பது வயரை. முன்னால் ஃபியூஸ் வைத்துவிட்டு, மூன்றரை மீட்டர் வயரைக் காவலில்லாமல் விட்டால் என்ன பயன்? வயரைக் குழாயில் போட்டுக் கார்ப்பெட்டுக்கு அடியில், சீட் ஓடும் தண்டவாளத்தைத் தொடாமல் கொண்டுபோங்கள். கதவோரம் ஓடும் ஹீட்டர் குழலுக்குள் நுழைக்காதீர்கள், அதில் எஞ்சின் சூட்டுக்காற்று வரும்.

பின்சீட்டைத் தூக்கியிருக்கும்போதே பேட்டரி மூடி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவை வந்த காரில் மூடி இல்லை. மூன்று தடியான ஆட்கள் உட்கார்ந்ததும் சீட் ஸ்பிரிங் இறங்கி டெர்மினலைத் தொட்டிருக்கிறது. சீட்டுக்கு அடியில் தட்டு அளவுக்குக் கருகல், நடுவில் ஸ்பிரிங் நீலம் பாரித்திருந்தது. நல்லவேளை, கதவு திறக்க நேரம் இருந்தது.

ஸ்பாட் லைட்டுக்கு மூன்றாவது ரிலே, தகட்டிலுள்ள புதுப் பெட்டியில் 15 ஆம்ப் ஃபியூஸ். அதைத் தூண்டும் வயரைப் பிரைட்டிலிருந்து ஒரு சுவிட்ச் வழியாக எடுங்கள். டிம் செய்தால் தானாக அணையும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஹெட்லைட் 10 ஆம்ப், 55 வாட் ஸ்பாட் இரண்டு 9, இக்னிஷனும் பின்விளக்கும் ஒரு 5. உங்கள் டைனமோ நன்றாக ஓடும்போதே 30 ஆம்ப்தான் தரும், ஐடிலில் ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிக்னலில் நின்றால் பேட்டரியைத்தான் தின்னும். எல்இடி ஸ்பாட் வாங்குங்கள். 100 வாட் பல்பு பேச்சே வேண்டாம்.

சார்ஜருக்கு அதே பெட்டியில் 5 ஆம்ப் ஃபியூஸ், சாவி போட்டால் மட்டும் வரும் கரண்டிலிருந்து. ரிலே எதற்கு?