கேள்வி–பதில்: விறகு அடுப்புச் சூட்டை ஃபேன் வைத்து அடுத்த அறைக்கு அனுப்ப முடியுமா?

குளிர் தொடங்கிவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். நோர்வே, கனடா, இங்கிலாந்து என்று வீட்டுக்குள் விறகு அடுப்பு வைத்திருப்பவர்கள் (சமையலுக்கு இல்லை, கண்ணாடிக் கதவும் புகைபோக்கியுமாக ஹாலில் நிற்குமே, அந்த இரும்பு அடுப்பு) கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: ஹாலில் வேகிறோம், அடுத்த அறையில் விறைக்கிறோம், ஃபேன் வைத்தால் சரியாகுமா? சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அடுப்பு எரிந்தால் ஹால் 27 டிகிரி வரை போகிறது. கொரிடோர் முடிவில் இருக்கிற பிள்ளைகளின் அறை 15ஐத் தாண்டுவதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் பெரிய ஸ்டாண்ட் ஃபேன் வைத்து கொரிடோரைப் பார்த்துத் திருப்பி விட்டேன். அறை சூடாகவில்லை, ஹாலில் இருப்பவர்களுக்குத்தான் குளிர்கிறது. இதைவிடப் பெரிய ஃபேன் வாங்க வேண்டுமா?
வாசகி, ஒஸ்லோ

வேண்டாம். இருப்பதே அதிகம். ஃபேன் நிற்கிற இடமும் பார்க்கிற திசையும்தான் தப்பு.

ஹால் வாசலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சூடான காற்று லேசானது, கூரையை ஒட்டி நிற்கும், வாசலின் மேல்பாதி வழியாக கொரிடோருக்குள் வழியும். கொரிடோரின் குளிர்ந்த காற்று கனமானது, அது கீழ்ப்பாதி வழியாகத் தரையை ஒட்டி ஹாலுக்குள் வரும். ஃபேனே இல்லாவிட்டாலும் இந்த இரண்டு ஓட்டமும் மெதுவாக நடந்துகொண்டுதான் இருக்கும். இதற்கு நடுவில் இடுப்பு உயரத்தில் ஒரு ஸ்டாண்ட் ஃபேனை வேகமாக ஓட விட்டால், மேலே இருக்கிற சூடும் கீழே இருக்கிற குளிரும் ஒன்றாகக் கலந்து ரெண்டுங்கெட்டானாக ஒரு காற்று கொரிடோருக்குப் போகும், திரும்பி வர வேண்டிய காற்றும் அதே வாசலில் அதோடு முட்டிக்கொள்ளும். ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் குளிர்வதும் இயல்புதான், உடம்பில் காற்று பட்டால் 27 டிகிரிகூட 27 மாதிரி இருக்காது.

அதனால் சூட்டைத் துரத்தாதீர்கள், குளிரைத் தள்ளுங்கள். சின்ன மேசை ஃபேன் ஒன்றைப் பிள்ளைகளின் அறை வாசலில், தரையிலேயே வைத்து, முகத்தை ஹால் பக்கம் திருப்பி, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் விடுங்கள். தரையோரம் கிடக்கிற குளிர்ந்த காற்று ஹாலுக்குள் போகும். போன இடம் காலியாக இருக்க முடியாது, அந்த இடத்தை நிரப்ப கூரையோரம் நிற்கிற சூடான காற்று தானாகவே கொரிடோர் வழியாக அறைக்கு வந்துதான் ஆக வேண்டும். அடுப்பிலிருந்து வரும் காற்றைத் தள்ளுவதைவிட இது ஏன் நன்றாக வேலை செய்கிறது என்றால், இரண்டு காற்றும் தாங்கள் ஏற்கெனவே போக நினைக்கிற வழியிலேயே போகின்றன, ஃபேன் கொஞ்சம் அவசரப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் ஒரு ஊதுபத்தி கொளுத்தி ஹால் வாசலில் நில்லுங்கள். வாசல் நிலையின் மேல்பக்கமாகத் தூக்கிப் பிடித்தால் புகை கொரிடோர் பக்கம் சாய வேண்டும், கீழே கால் அருகே பிடித்தால் அடுப்புப் பக்கம் சாய வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் ஃபேனை அப்புறம் தொடாதீர்கள். மேலேயும் கீழேயும் புகை குழம்பிச் சுழன்றால் வேகம் அதிகம்.

எவ்வளவு காற்று தேவை என்று கணக்குப் போட்டுவிடலாம். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 1.2 கிலோஜூல் வேண்டும். அறைக்குள் வருகிற காற்று அங்கிருந்து வெளியே போகிற காற்றைவிட 10 டிகிரி சூடாக இருந்தால், மணிக்கு 300 கன மீட்டர் ஓடினால் அது ஒரு கிலோவாட் சூட்டைக் கொண்டுவருகிறது. சிறிய மின் ஹீட்டர் ஒன்றின் வேலை. இதற்கு 20, 30 வாட் மேசை ஃபேனே போதும். வித்தியாசம் 5 டிகிரிதான் என்றால் இரண்டு மடங்கு காற்று வேண்டும், அதனால் ஹாலில் அடுப்பு நன்றாகப் பிடித்து எரிந்த பிறகு ஃபேனைப் போடுவதுதான் புத்தி. ஒன்றிரண்டு மணி நேரம் பொறுங்கள், சுவரும் கட்டிலும் மெத்தையும் சூட்டைக் குடித்த பிறகுதான் அறை ஏறும்.

அறைக்கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், ஆனால் பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று, படுக்கையறை குளிராக இருந்தால்தான் நோர்வேக்காரர்களுக்குத் தூக்கமே வரும். உங்கள் பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களாக இருந்தால் 15 டிகிரி போதும் என்று அவர்களே சொன்னாலும் சொல்வார்கள், ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

அடுப்பின் தலையில் வைக்கிற ஃபேன் ஒன்று கடையில் பார்த்தேன். வயரும் இல்லை, பாட்டரியும் இல்லை, சூடு ஏறினால் தானாகவே சுற்றுகிறது. ஏமாற்று வேலையா? உண்மை என்றால் வாங்கலாமா?
வாசகர், சட்பரி, கனடா

சுற்றுவது உண்மை. பெட்டியில் எழுதியிருப்பதில்தான் கொஞ்சம் தள்ளுபடி செய்து படிக்க வேண்டும்.

1821ல் ஜெர்மனியில் தாமஸ் யோகான் சீபெக் என்பவர் கவனித்த விஷயம் இது: இரண்டு வேறு உலோகங்களை இணைத்து ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்சாரம் பிறக்கும். அந்த ஃபேனின் அலுமினிய அடிப்பாகத்துக்கும் மேலே சீப்புப் பல் மாதிரி விரிந்திருக்கும் தகடுகளுக்கும் நடுவில் பிஸ்கட் அளவில் ஒரு சில்லு இருக்கும். பிஸ்மத் டெல்லுரைடு துண்டுகளை இரண்டு பீங்கான் தகடுகளுக்கு நடுவில் அடுக்கிச் செய்தது. அடி சூடாக, தலை குளிர்ச்சியாக இருக்கும்வரை அது ஒரு குட்டி மோட்டாரை ஓட்டும். இந்த வகையில் பலருக்கும் தெரிந்த ஈக்கோஃபேன் உங்கள் ஒன்டாரியோ மாகாணத்து காஃப்ரமோ நிறுவனத்துடையதுதான்.

கவனியுங்கள், சூடு மட்டும் போதாது, வித்தியாசம் வேண்டும். ஆட்கள் செய்கிற தப்பு இதில்தான். அழகாக இருக்கிறதென்று அடுப்பின் முன் விளிம்பில், நடுவில், வைத்துவிடுவார்கள். அங்கே அடியும் தலையும் சேர்ந்தே வெந்துவிடும், ஃபேன் சோம்பும். பின்பக்க ஓரத்திலோ பக்கவாட்டிலோ, முதுகுப்புறம் குளிர்ந்த காற்று கிடைக்கிற மாதிரி வையுங்கள், புகைக்குழாயை ஒட்டி வேண்டாம். பல மாடல்களுக்கு அடுப்பின் மேற்பரப்பு 340 டிகிரி செல்சியஸ் அளவைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அந்தச் சில்லு போய்விடும். நல்ல ஃபேன்களில் அடியில் ஓர் ஈருலோகப் பட்டை இருக்கும், சூடு அதிகமானால் அது வளைந்து ஃபேனை லேசாகத் தூக்கிவிடும். ஃபேன் சாய்ந்து நிற்கிறதே என்று யாரும் அதை அமுக்கி வைக்க வேண்டாம். அடுப்புக்கு என்றே விற்கும் காந்த வெப்பமானி ஒன்று வாங்கி மேலே ஒட்டிவிட்டால் ஊகம் தேவையில்லை.

வாங்கலாமா? உங்கள் அடுப்பு ஒற்றைத் தகடு இரும்பாக இருந்து, தலை நன்றாகக் காய்கிற ரகம் என்றால், கூரைக்குப் போகிற சூட்டில் கொஞ்சத்தை நீங்கள் உட்கார்ந்திருக்கிற சோபா பக்கம் திருப்பிவிடும், சத்தமில்லாமல், கரண்ட் செலவில்லாமல். கரண்ட் போன இரவிலும் சுற்றும், ஒன்டாரியோவின் வடக்கில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் வெளி உறை போட்ட இரட்டைத் தகடு அடுப்பு, மேலே மாக்கல் பலகை வைத்த அடுப்பு என்றால் தலை அவ்வளவு காயாது, காசு தண்டம். எந்த அடுப்பாக இருந்தாலும் மூன்றாவது அறைக்குச் சூட்டைக் கொண்டுபோகும் என்று எதிர்பார்க்காதீர்கள், மோட்டாருக்குக் கிடைப்பதே ஒன்றிரண்டு வாட்தான். அந்த வேலைக்கு ஒஸ்லோ வாசகிக்குச் சொன்ன தரை ஃபேன்தான் சரி.

சீலிங் ஃபேன் போட்டால் சூடு கீழே வருமா? வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.
வாசகர், மிசிசாகா, கனடா

வரும். சிரிப்பவர்கள் ஊரில் ஃபேன் போட்ட ஞாபகத்தில் சிரிக்கிறார்கள். குளிர்காலத்தில் கீழிருந்து பார்க்கும்போது இறக்கை கடிகார முள் போகிற திசையில் சுற்ற வேண்டும், இருப்பதிலேயே குறைந்த வேகத்தில். அப்போது காற்று நடுவில் மேலே ஏறி, கூரையில் தேங்கிய சூட்டைச் சுவரோரமாகக் கீழே இறக்கும், தலையில் நேராக அடிக்காது. வட அமெரிக்க ஃபேன்களில் மோட்டார் உறையிலேயே திசை மாற்றும் சுவிட்ச் இருக்கும். ஊரிலிருந்து கொண்டுபோன ஃபேன் என்றால் பெரும்பாலும் இருக்காது. கூரை உயரமான ஹாலில் நல்ல பலன், சாதாரண எட்டடிக் கூரையில் பெரிதாக ஒன்றும் தெரியாது.

ஃபேன் போட்டால் அடுப்புப் புகை வீட்டுக்குள் வந்துவிடும் என்று மனைவி சொல்கிறா. உண்மையா?
வாசகர், கென்ட், இங்கிலாந்து

ஃபேனால் வருவது அபூர்வம். ஆனால் அவர் பயப்படுவதில் விஷயம் இருக்கிறது, குற்றவாளி வேறு இடத்தில் நிற்கிறது: உங்கள் குசினி அடுப்புக்கு மேலே.

மேசை ஃபேன் வீட்டுக்குள் இருக்கிற காற்றை வீட்டுக்குள்ளேயே சுற்றவிடுகிறது. குசினியின் புகை உறிஞ்சி அப்படியில்லை, மணிக்கு நூற்றுக்கணக்கான கன மீட்டர் காற்றை வெளியே கொட்டுகிறது, அதிலும் தாளிப்பும் மீன் பொரியலுமாக இருக்கும் நம் வீடுகளில் அது முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓடும். போன காற்றுக்குப் பதில் வேறு காற்று எங்கிருந்தாவது வர வேண்டும். ஜன்னல் எல்லாம் இறுக்கி அடைத்த புது வீட்டில் அதற்குச் சுலபமான வழி புகைபோக்கிதான். மேலே போக வேண்டிய புகை கீழே இறங்கும், தணல் அடங்கும் நேரத்தில் இழுவை குறைவதால் இன்னும் சுலபமாக இறங்கும். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

அதனால் அடுப்பு எரியும்போது உறிஞ்சி ஓடினால் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். அடுப்பு இருக்கிற அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கண்டிப்பாக வேண்டும், அடுப்பிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தள்ளி. இங்கிலாந்தில் விறகோ நிலக்கரியோ எரிக்கும் அறை உள்ள தனியார் வாடகை வீடுகளுக்கு 2015 அக்டோபரிலிருந்தே இது சட்டம். சொந்த வீடாக இருந்தாலும் வாங்கி மாட்டுங்கள், அலாரம் அடித்தால் காரணம் தேடாமல் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

ஃபேன் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. அடுப்பு அறையிலிருந்து காற்றை வெளியே தள்ளுகிற மாதிரி வாசலில் பெரிய ஃபேன் வைத்தால் அந்த அறையில் அழுத்தம் கொஞ்சம் குறையும், புகைக்கு அது சாதகம். அறைக்குள்ளே தள்ளுகிற மாதிரி வைத்தால் அந்தக் கவலை இல்லை. குளிர்ந்த பக்கத்திலிருந்து தள்ளச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். ஃபேனின் முகம் நேராக அடுப்பின் மேல் மட்டும் படக் கூடாது, விறகு போடக் கதவைத் திறக்கும்போது சாம்பல் வீடெல்லாம் பறக்கும்.

அறைக்கதவுக்கு மேலே சுவரில் துளை போட்டு ஒரு ஃபேன் பொருத்தினால்?
வாசகர், பேர்கன், நோர்வே

சூடு போகும், கூடவே அடுத்த அறைப் பேச்சும் போகும். தீப்பிடித்தால் புகையும் முதலில் அந்தத் துளை வழியாகத்தான் படுக்கையறைக்கு வரும். தீயணைப்பு விதி பார்க்காமல் சுவரை உடைக்காதீர்கள், முதலில் தரை ஃபேனை ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

கோத்தகிரியில் எங்கள் பழைய பங்களாவில் வெள்ளைக்காரர் காலத்துக் கணப்பு இருக்கிறது. எவ்வளவு விறகு போட்டாலும் முன்னால் உட்கார்ந்தால் முகம் எரிகிறது, முதுகு குளிர்கிறது. ஃபேன் உதவுமா சார்?
வாசகர், கோத்தகிரி

உதவாது. மேலே சொன்னதெல்லாம் மூடிய அடுப்புக்கு. திறந்த கணப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு வீட்டுக்குக் கிடைத்தால் பெரிய விஷயம், மீதி புகைபோக்கியோடு போகிறது, போகும்போது அறையில் ஏற்கெனவே இருக்கிற சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்துக்கு ஜன்னல் இடுக்கு வழியாக மலைக்காற்று வருகிறது, உங்கள் முதுகில் படுவது அதுதான். உங்களுக்குக் கிடைக்கிற சூடு பெரும்பாலும் நெருப்பிலிருந்து நேராக வரும் கதிர்வீச்சு, அதை எந்த ஃபேனாலும் திருப்ப முடியாது. ஃபேன் போட்டால் புகைதான் அறைக்குள் வரும்.

ரம்ஃபோர்டு பிரபு என்று ஒருவர் 1796லேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்வாக வைத்தால் அதிகச் சூடு அறைப் பக்கம் திரும்பும் என்றார், லண்டனில் பலர் அப்படி மாற்றிக் கட்டிக்கொண்டார்கள். உங்கள் பங்களாவில் இருப்பது ஆழமான பெட்டி மாதிரி இருந்தால் நல்ல கொத்தனாரை வைத்து அப்படி மாற்றலாம். இன்னும் நல்லது, அந்தக் குழிக்குள்ளேயே கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பு ஒன்றைப் பொருத்தி, புகைபோக்கிக்குள் குழாய் இறக்குவது. செலவு உண்டு, ஆனால் அதே விறகில் பல மடங்கு சூடு கிடைக்கும், அதற்குப் பிறகு ஃபேனைப் பற்றிப் பேசலாம்.

விறகையும் பாருங்கள். மழையில் நனைந்த சீகையும் கற்பூர மரமும் போட்டால் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். பிளந்து, கூரைக்குக் கீழே அடுக்கி, காற்றோட்டத்தில் ஒரு கோடையாவது காய வைத்த விறகுதான் விறகு, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

கணப்பு போதவில்லை என்று ராத்திரி குமுட்டியில் கரி போட்டு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கிற பழக்கம் மலையில் இன்னும் இருக்கிறது. அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். கரியில் புகை தெரியாது, கார்பன் மோனாக்சைடு இருக்கும். கம்பளி இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.