ஏழரை மணி கால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 36 வயது. சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி நிறுவனத்தில் பதின்மூன்று வருடமாக வேலை. வீடு மேற்கு மாம்பலம். வாரத்துக்கு மூன்று நாள் அலுவலகம். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். ஆண்டுச் சம்பளம் 18 லட்சம். அக்டோபரிலிருந்து டெலிவரி மேனேஜர் ஆக்குகிறோம், 24 லட்சம் என்கிறார்கள். ஆனால் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும். வாரத்தில் நான்கு நாள் இரவு ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை நியூயார்க் கிளையண்டுடன் போன் கால்.

சிறு வயதிலிருந்து பதினான்கு வருடம் வீணை கற்றேன். ஆறு வருடமாக உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறுதல், மீண்டும் தொடங்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். ஏழு வயதில் மகள் இருக்கிறாள். 60 லட்சம் வீட்டுக்கடன் இப்போதுதான் எடுத்தோம் (8.5 சதவீதம், 20 வருடம், மாதத் தவணை 52,000). கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். அம்மா "இவ்வளவு படித்துவிட்டு விடுவார்களா" என்கிறாள். மறுத்தால் லட்சியம் இல்லாதவள், ஏற்றால் வாழத் தெரியாதவள் என்று ஆகிவிடுமோ? லட்சியமா வாழ்க்கையா, எதை எடுப்பது?

ச.,
மேற்கு மாம்பலம்

*

அன்புள்ள ச.,

வீணையை ஆறுதல் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லில்தான் சிக்கல் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். ஆறுதல் என்றால் வேலையெல்லாம் முடிந்து மிச்சமிருக்கும் நேரத்தில் கிடைப்பது. மிச்ச நேரத்தில் வீணை வராது, பதினான்கு வருடம் கற்ற உங்களுக்கு அது தெரியும். டெலிவரி மேனேஜர் பதவி எவ்வளவு கேட்கிறதோ அதே பிடிவாதத்தோடு வீணையும் கேட்கும். ஆக உங்கள் முன் இருப்பது லட்சியமும் வாழ்க்கையும் அல்ல, இரண்டு லட்சியங்கள். ஒன்றுக்கு அப்ரைசல் உண்டு, கேள்வி கேட்க மேலதிகாரி உண்டு. இன்னொன்றை ஏன் செய்யவில்லை என்று கேட்க ஒருவரும் இல்லை. அதனால்தான் ஆறு வருடம் சத்தமில்லாமல் போயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "உன் இஷ்டம்" என்பது பதில் இல்லை. இதே பதவி உங்கள் கணவருக்கு வந்திருந்தால் எனக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருக்காது. வாரத்தில் நான்கு இரவு குழந்தைக்குச் சோறு போட்டு, வீட்டுப்பாடம் பார்த்து, தூங்கவைப்பது யார் என்பதற்கு அவர் கிழமை வாரியாகப் பதில் சொல்லட்டும். அதற்குப் பிறகு இஷ்டத்தைப் பற்றிப் பேசலாம்.

இனி கணக்கு. 18 லட்சம் 24 ஆவது காதுக்கு மூன்றில் ஒரு பங்கு உயர்வு. முழுவதும் சம்பளமாகவே வருகிறது என்று வைத்துக்கொண்டு, 2025-26 நிதியாண்டின் புதிய வரித் திட்டப்படி பாருங்கள். நிலையான கழிவு 75,000 போக, 18 லட்சத்துக்கு வரியும் செஸ்ஸும் சேர்த்து 1,50,800 ரூபாய். 24 லட்சத்துக்கு 2,92,500. கூடுதலாக வரும் ஆறு லட்சத்தில் 1,41,700 வரிக்குப் போகிறது. மிஞ்சுவது 4,58,300, மாதத்துக்குச் சுமார் 38,200. பி.எஃப். பிடித்தம் உயர்ந்தால் இன்னும் குறையும். அதற்கும் முன்னால், அந்த 24 லட்சத்தில் வேரியபிள் (வருடத்துக்கு வருடம் கூடிக் குறையும் பகுதி) எவ்வளவு, நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதற்குள் அடக்கமா என்று ஆஃபர் கடிதத்தின் இணைப்புப் பக்கத்தில் பாருங்கள். வேரியபிள் பங்கு பெரிதாக இருந்தால், கம்பெனிக்கு ஆகாத வருடத்தில் நீங்கள் 24 லட்சத்தின் வேலையை 21 லட்சத்துக்குச் செய்துகொண்டிருப்பீர்கள்.

இந்த 38,200-க்கு நீங்கள் கொடுப்பது எத்தனை மணி நேரம்? வாரத்தில் இரண்டு நாள் கூடுதல் பயணம், ஐந்து மணி நேரம். நான்கு கால், எட்டு மணி நேரம். மாதத்துக்குச் சுமார் 57 மணி. மணிக்கு 670 ரூபாய். இப்போது பயணத்தையும் சேர்த்து மாதம் 230 மணி நேரம் கொடுத்து 1,37,400 வாங்குகிறீர்கள். மணிக்கு 600-க்குக் கொஞ்சம் குறைவு. மூன்றில் ஒரு பங்கு உயர்வு என்று தெரிந்தது, மணிக்கணக்கில் பார்த்தால் எட்டில் ஒரு பங்கு. சமையலுக்கு ஆள், மாலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், அசதியில் ஆர்டர் செய்யும் சாப்பாடு என்று மாதம் 9,000 போனால் கூடுதல் மணி ஒன்றுக்கு 510 ரூபாய்தான் நிற்கும். அதாவது இப்போதைய விலையைவிடக் குறைவாக உங்கள் இரவுகளை விற்கிறீர்கள்.

இதே கணக்கை இன்னொரு விதமாகப் போட்டுப் பாருங்கள். நான்கு காலில் இரண்டை டீமில் இருக்கும் லீடு ஒருவர் முறைவைத்து எடுக்கிறார், அலுவலகம் பழையபடி மூன்று நாள். கூடுதல் நேரம் மாதத்துக்குப் பதினேழு, பதினெட்டு மணிதான். மணிக்கு 2,000 ரூபாயைத் தாண்டிவிடும். இதற்குப் பதிலாக நீங்கள் போராடிச் சம்பளத்தில் இன்னும் 60,000 கூட்டி வாங்கினால், வரி போக மாதத்துக்கு 3,700 ரூபாய் கைக்கு வரும். நம் ஊரில் பதவி உயர்வு என்றவுடன் எல்லோரும் சம்பளத்தைத்தான் பேரம் பேசுகிறோம். பேச வேண்டியது நேரத்தை.

அந்த ஏழரை மணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏழரை என்றாலே நமக்குச் சனி நினைவு வரும், இங்கே அது பொருத்தம்தான். நியூயார்க்கில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு திருப்பி வைப்பார்கள். அவர்களுடைய காலை பத்து மணி, கோடையில் நமக்கு இரவு ஏழரை. நவம்பரிலிருந்து எட்டரை. அக்டோபரில் நீங்கள் ஒப்புக்கொள்வது ஏழரை–ஒன்பதரை. ஒரே மாதத்தில் அது எட்டரை–பத்தரை ஆகிவிடும். யாரும் ஏமாற்றவில்லை, காலண்டரில் கிளையண்டின் நேரம் மாறவே இல்லை. பத்தரைக்கு முடிந்தால் கூட்டக் குறிப்பை (மினிட்ஸ்) அனுப்பிவிட்டுப் படுக்கப் பதினொன்றேகால். ஏழு மணி நேரம் தூங்கினால் எழுந்திருப்பது ஆறேகாலுக்கு. பள்ளி வேன், குக்கர், டப்பா. வீணைக்கு இருந்த ஒரே இடம் விடியற்காலை, அது போயிற்று. உங்கள் கேள்விக்கான விடை தத்துவத்தில் இல்லை, இந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது.

எனவே கேளுங்கள்: கால் நம் நேரப்படி ஒன்பதரைக்கு மேல் போகக் கூடாது, குளிர்காலத்தில் அவர்கள் காலை ஒன்பதுக்கு வரட்டும். வாரத்தில் இரண்டு கால் எனக்கு, இரண்டு லீடுக்கு. மூன்று நாள் அலுவலகம். ஆறு மாதம் கழித்து இருதரப்பும் உட்கார்ந்து பார்ப்பது. வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். பேசி முடித்த அன்றே "நாம் பேசியபடி" என்று தொடங்கி ஒரு மெயில் போடுங்கள். உங்களுக்குச் சரி என்று தலையாட்டிய அதிகாரி எட்டு மாதத்தில் வேறு அக்கவுண்டுக்குப் போய்விடுவார். வருகிறவருக்கு அந்த மெயில் மட்டும்தான் தெரியும்.

பதில் சொல்வதற்கு முன் இரண்டு வாரம் ஒத்திகை பார்க்க வழி இருக்கிறது. இப்போது அந்த இடத்தில் இருப்பவர் கால் பேசும்போது உடன் உட்கார்கிறேன் என்று கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். அந்த இரண்டு வாரமும் ஐந்து நாள் அலுவலகம் போங்கள். முதல் வாரம் உற்சாகத்தில் ஓடிவிடும், அதை நம்ப வேண்டாம். இரண்டாவது வாரம் வியாழக்கிழமை இரவு வீடு எப்படி இருக்கிறது, யார் யார்மீது எரிந்து விழுகிறார்கள் என்று பாருங்கள்.

அவர்கள் எதற்கும் இறங்கிவரவில்லை, ஆனாலும் பணம் தேவை என்றால்? அதிலும் தவறில்லை. ஆனால் முடிவுத் தேதி வைத்துப் போங்கள். இரண்டு வருடம். கூடுதலாக வருவதில் மாதம் 30,000-ஐ அப்படியே வீட்டுக்கடனில் கட்டுங்கள். மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கி அபராதம் போட முடியாது. கட்டும்போது "தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். வட்டி இதே அளவில் இருந்தால், 24 மாதம் கட்டியதற்குக் கடன் சுமார் நாலரை வருடம் முன்னதாக முடியும். நீங்கள் கூடுதலாகப் போட்டது 7,20,000, மிச்சமாகும் வட்டி ஏறக்குறைய 22 லட்சம். இரண்டு வருட இரவுகளுக்கு ஈடாக, ஐம்பத்தொரு வயதுக்கு மேல் நாலரை வருடம் தவணையில்லாத வாழ்க்கை. இது எனக்கு நியாயமான வியாபாரமாகத்தான் படுகிறது. கெட்டுப்போவது ஒரே இடத்தில்: அந்தப் பணம் முதல் மாதமே புதிய காரின் தவணையாகவோ மகளின் பெரிய பள்ளிக் கட்டணமாகவோ மாறிவிட்டால், இரண்டு வருடம் கழித்துப் பதவியை விடவே முடியாது. சம்பளம் வரும் தேதிக்கு மறுநாளே கடன் கணக்குக்குப் போகும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள்.

மறுப்பதானால் வெறுமனே மறுக்காதீர்கள். "ஆர்வமில்லை" என்று பதிவாகிவிடும், அடுத்த சுற்றில் பெயர் வராது. டெக்னிகல் ஆர்க்கிடெக்ட் பக்கம் போக விரும்புகிறேன், இந்தத் தேதிக்குள் இந்தப் பயிற்சி என்று மாற்றுப் பாதையைக் கையில் வைத்துக்கொண்டு மறுங்கள். மேனேஜர் ஆனால் வேலை பத்திரம் என்று உங்கள் அம்மா நினைக்கலாம். 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னபோது, பெரும்பாலும் நடு நிலையிலும் மேல் நிலையிலும் இருப்பவர்கள் என்றுதான் சொன்னது. கையில் தொழில்நுட்பம் இருப்பவருக்கு வேறு இடத்தில் கதவு திறப்பது கொஞ்சம் எளிது.

வீணைக்கு வருகிறேன். ஆறு வருடம் உறைக்குள் இருந்த வீணையை எடுத்தவுடன் சுருதி சேர்க்க முறுக்காதீர்கள். கடற்காற்று அடிக்கும் ஊர் இது, எஃகுத் தந்திகள் துருப்பிடித்திருக்கும், முறுக்கினால் தெறித்து முகத்தில் அடிக்கும். வாசிக்கும் தந்தி நான்கு, தாளத் தந்தி மூன்று, ஏழையும் மாற்றுங்கள். தந்திக்கு அடியில் இருக்கும் இருபத்துநான்கு மெட்டுக் கட்டைகளும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஆறு சித்திரை வெயிலில் மெழுகு இளகி மெட்டுகள் இறங்கியிருக்கும். தந்தி சரியாக இருந்தும் சுரம் பேசாது. பழகுகிறவர் தன் கைதான் போய்விட்டது என்று நினைத்து மனம் விட்டுவிடுவார். பலருடைய இரண்டாவது தொடக்கம் இந்த இடத்தில்தான் நிற்கிறது. முதலில் மேளம் கட்ட, அதாவது மெழுகில் மெட்டுகளைச் சுரத்துக்குச் சரியாக மறுபடி பதிக்க, கொடுங்கள்.

அடுத்து விரல். இடக்கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் இருந்த காய்ப்பு இப்போது இருக்காது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பிடித்துவிடலாம் என்று பார்த்தால் கொப்புளம் வரும், ஒரு வாரம் தொட முடியாது, அடுத்த ஞாயிறும் போகும். தினமும் பதினைந்து நிமிடம், வாரத்தில் ஆறு நாள், விரலுக்குத் துளி தேங்காய் எண்ணெய். முதல் மூன்று வாரம் மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பாடமான சரளி வரிசை, முதல் இரண்டு காலம் (வேகம்) மட்டும். மூன்றாம் காலம் கை கேட்கும், கொடுக்காதீர்கள். பிறகு அடுத்த பாடங்களான ஜண்டை வரிசை, ஏழு அலங்காரம். சுரத்தை அசைத்துக் கமகம் இழுக்கும் வர்ணத்தை இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள். கீர்த்தனை வரை போனவருக்கு இது அவமானமாக இருக்கும்தான். இருக்கட்டும்.

நேரம், காலை ஐந்தே முக்கால். வீணையை உறைக்குள் வைக்காமல் மெல்லிய துணி போர்த்தி, ஜன்னல் வெயில் படாத மூலையில் பாய் விரித்து அதன்மேலேயே வையுங்கள். எடுத்து, பிரித்து, உட்கார்வதற்குள்ளேயே ஐந்து நிமிடம் போய்விட்டால் பதினைந்து நிமிடப் பழக்கம் நிலைக்காது.

மார்கழிக்கு ஒரு வழி. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை அமெரிக்கக் கிளையண்ட்கள் பெரும்பாலும் விடுமுறையில் இருப்பார்கள், பல ப்ராஜெக்டுகளில் புதிய மாற்றம் எதுவும் ஏற்றமாட்டார்கள். ஆனால் அந்த வாரம் டீம் முழுவதும் லீவு கேட்கும். செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள். மாலைக் கச்சேரி டிக்கெட்டுக்கு அலைய வேண்டாம். பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது, கூட்டமும் குறைவு. இளம் வைணிகர்களைக் கைவிரல் தெரியும் தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். மகளையும் கூட்டிப் போங்கள். அரை மணியில் நெளிந்தால் எழுந்து கேன்டீனுக்குப் போய்விடலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

மேளம் கட்டுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நவராத்திரிக்கு ஐந்தாறு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். கொலுவில் வாசிக்க நினைப்பவர்கள் எல்லோரும் கடைசி வாரத்தில்தான் வீணையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.