ஹவுஸ்ஃபுல் ஆனாலும் கையைக் கடிக்கும் கணக்கு: கலை மேலாண்மை முதுகலை, கேள்வி-பதில்

சபா, அருங்காட்சியகம், விழா போன்ற கலை அமைப்புகளை நடத்தக் கற்றுத்தரும் கலை மேலாண்மையை வெளிநாட்டில் படிப்பது பற்றி வந்த கேள்விகளில் பாதி "எந்தக் கல்லூரி நல்லது?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்டுத் தெளிய வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களுக்கே இங்கே முதலிடம். விசா தொகைகளும் கட்டணமும் அடிக்கடி மாறுபவை. பணம் கட்டும் முன் அந்தந்த அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பி.காம். முடித்திருக்கிறேன், பரதமும் கற்றிருக்கிறேன். எம்.பி.ஏ. படித்துவிட்டுக் கலைத்துறைக்குப் போவதா, நேராகக் கலை மேலாண்மையா? இரண்டிலும் கணக்குதானே?
கும்பகோணம் வாசகி

கணக்குதான். ஆனால் வேறு கணக்கு. ஒரு சிறு நாடகக் குழுவின் வரவு-செலவுத் தாளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 250 இருக்கை அரங்கு, இரண்டு காட்சி. ஹால் வாடகை, லைட், சவுண்ட், நடிகர் சம்பளம், வேன், போஸ்டர் எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய். டிக்கெட் 300 ரூபாய். விற்றுத்தரும் தளம் 10 சதவீதம் பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது 270. போட்ட பணம் திரும்ப 445 டிக்கெட் விற்றாக வேண்டும். இருப்பது 500 இருக்கை. காட்சிக்கு 40 பாஸ் ஸ்பான்சருக்கும் பத்திரிகைக்கும் போய்விட்டால் விற்க மிஞ்சுவது 420. ஆக, இரண்டு நாளும் வாசலில் ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டினாலும் 6,600 ரூபாய் துண்டு விழும். அறுபது சதவீதம் நிரம்பினால், அதாவது 300 டிக்கெட் போனால், துண்டு 39,000.

விலையை ஏற்று, இல்லையென்றால் செலவைக் குறை என்பதே வழக்கமான வணிகப் பாடம். அந்த இரண்டுக்கும் எல்லை உண்டு என்ற இடத்தில்தான் கலை மேலாண்மை வகுப்பு தொடங்குகிறது. அமெரிக்கப் பொருளியலாளர்கள் பாமோலும் போவனும் 1966-லேயே காரணத்தைச் சொல்லிவிட்டார்கள். தொழிற்சாலையில் ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் செய்து முடிக்கும் பொருளின் அளவு கூடிக்கொண்டே போகிறது, மேடையில் அப்படிக் கூட வழியில்லை. இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு அன்றும் பாட்டு, வயலின், மிருதங்கம். இன்றும் அதே மூன்று பேர், அதே இரண்டரை மணி நேரம். விலைவாசியும் சம்பளமும் மட்டும் ஊரோடு சேர்ந்து ஏறும். அந்த இடைவெளியை நல்கை (கிராண்ட்), நன்கொடை, ஸ்பான்சர், சந்தா ஆகியவற்றால் எப்படி அடைப்பது என்பது பாடத்தின் பெரும்பகுதி. அப்படி அடைக்கும்போது எதை மேடையேற்றுவது என்ற முடிவு பணம் கொடுப்பவர் கைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வது அதைவிடக் கடினமான பகுதி. ஒப்பந்தம், பதிப்புரிமை, பார்வையாளர் ஆய்வு, கலாச்சாரக் கொள்கை ஆகியவை மிச்சம்.

சினிமா, இசை நிறுவனம், ஓடிடி பக்கம் போக நினைத்தால் எம்.பி.ஏ. படியுங்கள். சபா, அருங்காட்சியகம், விழா, அறக்கட்டளை என்றால் கலை மேலாண்மை. பி.காம். உங்களுக்குக் குறை அல்ல, பலம்தான். இந்த வகுப்புகளுக்கு வருபவர்களில் பலர் பேலன்ஸ் ஷீட்டை முதன்முறையாகப் பார்ப்பவர்கள்.

லண்டனா, அமெரிக்காவா? லண்டன் ஒரே வருடம் என்பதால் மலிவு என்கிறார்கள்.
கோவை வாசகர்

காலம் குறைவு என்பது சரி. மலிவு என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். லண்டனில் கோல்ட்ஸ்மித்ஸ், கிங்ஸ் காலேஜ், சிட்டி செயின்ட் ஜார்ஜ்ஸ் ஆகியவை இந்தத் துறையில் பெயர் பெற்றவை. வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் 20,000 பவுண்டுக்கு மேல்; சில இடங்களில் 30,000-ஐத் தாண்டும். 25,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். விசாவுக்காக வங்கியில் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவு லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு வீதம் 9 மாதத்துக்கு 13,761. இந்தப் பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். அவசரத்துக்கு எடுத்துவிட்டுத் திரும்பப் போடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776. படிப்பு 12 மாதம் என்றால் விசா 16 மாதத்துக்கு வரும் என்பதால் 1,164 கட்ட வேண்டியிருக்கும். மொத்தம் 39,925 பவுண்டு. பவுண்டு 115 ரூபாய் என்றால் ஏறக்குறைய 46 லட்சம். விமான டிக்கெட், விசா கட்டணம், கடைசி மூன்று மாதச் செலவு இதில் சேரவில்லை.

அதில் 40 லட்சத்தை 11 சதவீத வட்டியில் கடனாக வாங்கிப் பத்து வருடத்தில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 55,000 ரூபாய். ஊர் திரும்பிய முதல் வருடமே கலைத்துறைச் சம்பளத்தில் இதைக் கட்ட முடியுமா என்று உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். நாங்கள் முடியாது என்போம்.

அங்கேயே வேலை பார்த்து அடைக்கலாம் என்றால் இன்னொரு தடை. படிப்புக்குப் பிந்தைய கிராஜுவேட் விசா இரண்டு வருடமாக இருந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு அது 18 மாதம். அதன் பிறகு தங்க வேலை விசா வேண்டும். அதற்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலை முதல் 41,700 பவுண்டு. புதிதாகத் தொழிலுக்கு வருவோருக்கு 33,400. கலை அமைப்புகளின் தொடக்கநிலைப் பணிகளில் பெரும்பாலானவை இதைத் தொடுவதில்லை. மணமானவர்கள் கவனிக்க: வகுப்புவழி முதுகலை மாணவர்கள் துணையை அழைத்துச்செல்லும் வசதி 2024 ஜனவரியோடு போய்விட்டது.

அமெரிக்காவில் பொதுவாக இரண்டு வருடம், சில இடங்களில் அதற்கும் மேல். கொலம்பியாவின் டீச்சர்ஸ் காலேஜ், பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன், வாஷிங்டனின் அமெரிக்கன் யுனிவர்சிட்டி ஆகியவற்றைப் பாருங்கள். படித்து முடித்தபின் ஓபிடி என்ற பணி அனுமதி 12 மாதம். பொறியியல் மாணவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் கலை மேலாண்மைக்குப் பொதுவாக இல்லை. சேருமுன் அந்தப் படிப்பின் ஆறு இலக்க சிஐபி எண்ணை (அமெரிக்க அரசின் பாடப்பிரிவுக் குறியீடு) கேட்டு வாங்குங்கள். 50.10 என்று தொடங்கினால், கூடுதல் 24 மாதம் தரும் அறிவியல், பொறியியல் படிப்புகளின் ஸ்டெம் பட்டியலில் அது இல்லை. படிக்கும்போதே சம்பளத்தோடு செய்யும் சிபிடி பயிற்சியை முழுநேரமாக 12 மாதம் செய்துவிட்டால் ஓபிடி பறிபோகும். வேலை தேடும்போது பல்கலைக்கழக அரங்குகளையும் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அருங்காட்சியகங்களையும் முதலில் பாருங்கள். ஹெச்1பி வேலை விசாவின் லாட்டரி வரம்பு அவற்றுக்குப் பொருந்தாது.

நாடகக்காரர்களுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. யேல் பல்கலைக்கழக நாடகப் பள்ளியில் அரங்க மேலாண்மைக்கு மூன்றாண்டு எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலை) இருக்கிறது. டேவிட் கெஃபன் அறக்கட்டளை 2021-இல் கொடுத்த 15 கோடி டாலருக்குப் பிறகு அந்தப் பள்ளியில் எவருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. மிகச் சிலரையே எடுப்பார்கள், அரங்க வேலை அனுபவம் கையில் இருக்க வேண்டும்.

படிக்கும்போது அங்கே நடன நிகழ்ச்சி கொடுத்துச் சம்பாதிக்கலாம்தானே?
மதுரை வாசகி

பிரிட்டனில் கூடாது. மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம் சம்பள வேலை செய்யலாம். சுயதொழில் செய்யக் கூடாது, மேடைக் கலைஞராகப் பணம் வாங்கவும் கூடாது. அரங்கேற்றத்துக்கு நட்டுவாங்கம் செய்து உறையில் வாங்கினாலும் அது மீறல்தான். வீட்டில் வகுப்பு எடுப்பதும் சுயதொழில். முதுகலையில் கோடை மாதங்கள் ஆய்வேடு எழுதும் காலம், விடுமுறைக் கணக்கில் வராது. 20 மணி நேர வரம்பு அப்போதும் தொடரும். கிராஜுவேட் விசாவுக்கு மாறிய பிறகு ஆடலாம்.

எஸ்.ஓ.பி. (ஏன் இந்தப் படிப்பு என்று கல்லூரிக்கு எழுதும் கட்டுரை) எழுதி எழுதிக் கிழிக்கிறேன். எப்படித் தொடங்குவது?
திருநெல்வேலி வாசகர்

"சிறு வயதிலிருந்தே கலை என் மூச்சு" என்று தொடங்கியிருந்தால் இன்னொரு முறையும் கிழியுங்கள். மூச்சு எல்லோருக்கும் இருக்கிறது. தேர்வுக்குழு தேடுவது, கலை நடக்கும் இடத்தில் ஒரு சிக்கலைக் கண்ணால் பார்த்த ஆளை. இப்படி ஒரு தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள்:

"மார்கழி விழாவுக்கு 300 நாற்காலி போட்டோம். எட்டு மணிக்கு 110 பேர், பத்து மணிக்கு 40 பேர். கடைசிப் பேருந்து 9.20-க்கு என்பது மூன்றாம் நாள்தான் எங்களுக்கு உறைத்தது. நான்காம் நாள் கச்சேரியை ஐந்தரைக்கு மாற்றினோம்."

நான்கு வரியில் எண் இருக்கிறது, தவறு இருக்கிறது, திருத்தம் இருக்கிறது. இதற்கு அடுத்த பத்தியில், வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதை முறையாக ஆராயத் தெரியவில்லை, அதைக் கற்க வருகிறேன் என்றால் காரணமும் ஆயிற்று. அந்தக் கல்லூரியின் இரண்டு பாடங்களின் பெயரைச் சொல்லி, அவை உங்கள் சிக்கலுக்கு எப்படி உதவும் என்று எழுதுங்கள். லண்டனின் பெருமையை லண்டனுக்கே எழுத வேண்டாம்.

பயோடேட்டாவிலும் இதே முறை. "விழா ஏற்பாட்டில் உதவினேன்" என்பதை "12 நிகழ்ச்சி, 3.5 லட்சம் பட்ஜெட், 4 ஸ்பான்சர், அதில் 2 புதியவர்" என்று மாற்றுங்கள். எண் உண்மையாக இருக்கட்டும், நேர்காணலில் அதைத்தான் பிடித்துக் குடைவார்கள். சிபாரிசுக் கடிதத்துக்குக் குருவிடம் போகாதீர்கள். அவர் தருவது ஆசீர்வாதமாக இருக்கும். உங்களுக்கு வேலை கொடுத்து, கணக்கு வாங்கியவரிடம் கேளுங்கள்.

நேர்காணலுக்கும் இன்டர்ன்ஷிப்புக்கும் இன்னொரு குறிப்பு. அமெரிக்க லாபநோக்கற்ற அமைப்புகள் வருமான வரித் துறைக்குத் தரும் 990 படிவமும், இங்கிலாந்து அறக்கட்டளைகளின் ஆண்டுக் கணக்கும் யாரும் பார்க்கும்படி இணையத்தில் கிடக்கின்றன. போகவிருக்கும் அமைப்பின் மூன்று வருடக் கணக்கைப் படித்துவிட்டுப் போங்கள். வருமானத்தில் டிக்கெட் எவ்வளவு, நன்கொடை எவ்வளவு, ஒரே நல்கையை நம்பி நிற்கிறதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

உதவித்தொகை உண்டா? என்னுடையது மூன்று வருட பி.ஏ.
திருச்சி வாசகி

உண்டு, ஆனால் வேலை அனுபவம் இல்லாமல் பெரியது எதுவும் கிடைக்காது. அமெரிக்காவில் படிப்பதற்கான ஃபுல்பிரைட்-நேரு முதுகலை நல்கையின் பாடப்பட்டியலில் கலை, பண்பாட்டு மேலாண்மை தனித் துறையாகவே இடம்பெற்று வந்திருக்கிறது. பாரம்பரியப் பாதுகாப்பும் அருங்காட்சியகவியலும் அதற்குள் அடக்கம். குறைந்தது 55 சதவீத மதிப்பெண், மூன்று வருட முழுநேரச் சம்பள வேலை ஆகிய இரண்டும் வேண்டும். மூன்று வருடப் பட்டம் மட்டும் போதாது, அதன் மேல் ஒரு முதுகலையோ முழுநேர முதுநிலை டிப்ளமாவோ முடித்திருக்க வேண்டும். படிப்பு முடிந்ததும் நாடு திரும்ப வேண்டும். அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாடப்பட்டியலைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

பிரிட்டனுக்கு, அந்நாட்டு அரசு தரும் செவனிங் உதவித்தொகை. இரண்டு வருட வேலை, மணிக்கணக்கில் 2,800. தன்னார்வப் பணியையும் பகுதிநேர வேலையையும் கூட்டிக் காட்டலாம் என்பது கலைத்துறையினருக்கு வசதி. மூன்று படிப்புகளைத் தேர்வு செய்ய வேண்டும், முடித்தபின் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஆகஸ்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடுவது வழக்கம். இலங்கை வாசகர்களுக்கும் இது பொருந்தும்.

மூன்று வருடப் பட்டத்தைப் பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் தயங்காமல் ஏற்கும். அமெரிக்காவில் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

ஜிஆர்இ வேண்டுமா?
சேலம் வாசகர்

பெரும்பாலும் வேண்டாம். ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்-இல் 6.5 முதல் 7 வரை கேட்பார்கள். எழுத்துப் பகுதிக்குத் தனிக் கீழ்வரம்பு இருந்தால் அதில்தான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

வயது 41. நாடகக் குழு நடத்துகிறேன். குடும்பத்தை விட்டுப் போக முடியாது. பட்டம் இல்லாமல் முடியாதா?
புதுச்சேரி வாசகர்

முடியும். உங்களுக்குப் பட்டம் தேவையும் இல்லை. பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், இந்தியா தியேட்டர் ஃபோரம், ஜுனூன் ஆகியவை சேர்ந்து நாடகக் குழுக்களுக்கென்றே ஸ்மார்ட் என்ற மேலாண்மைப் பயிற்சியை உருவாக்கின. தெற்காசியக் கலை மேலாளர்களுக்கு ஆர்ட் திங்க் சவுத் ஏசியா ஃபெல்லோஷிப் இருக்கிறது. எப்போது விண்ணப்பம் திறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருங்கள். பட்டமே வேண்டும் என்றால் கென்டக்கி பல்கலைக்கழகம் கலை நிர்வாக முதுகலையை இணையவழியில் நடத்துகிறது. அதற்குப் பணம் போடும் முன், மேலே சொன்ன 250 இருக்கைக் கணக்கை உங்கள் கடைசி மூன்று நாடகங்களுக்குப் போட்டுப் பாருங்கள்.

படித்துவிட்டுத் தமிழ்நாட்டுக்கே திரும்பினால் என்ன வேலை?
சென்னை வாசகி

சபாக்களை நம்பி வராதீர்கள். அவற்றில் பல, செயலாளரும் நான்கைந்து கமிட்டி உறுப்பினர்களும் சம்பளம் இல்லாமல் நடத்துபவை. வேலை இருப்பது முட்டுக்காடு தட்சிணசித்ரா போன்ற அருங்காட்சியகங்கள், தனியார் அறக்கட்டளைகள், பெருநிறுவனங்களின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பிரிவுகள், கொச்சி பினாலே, கோவா செரண்டிபிட்டி போன்ற விழாக்கள் ஆகியவற்றில்.

வெளிநாட்டுப் பாடத்தில் சொல்லித்தராத, இங்கே முதல் வாரமே கேட்கும் சங்கதிகள் சில. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஏழாம் அட்டவணையில் பாரம்பரியம், கலை, பண்பாடு, மரபுக் கைவினை எல்லாம் உண்டு. ஆனால் பணம் வாங்கும் அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்து பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். பல குழுக்கள் திட்ட அறிக்கையை அழகாக எழுதிக்கொண்டுபோய் இந்த ஒரு எண் இல்லாமல் திரும்பி வருகின்றன. வெளிநாட்டு நன்கொடைக்கு, அதற்கான சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ் பதிவு வேண்டும். பணம் டெல்லி ஸ்டேட் பாங்க் பிரதான கிளைக் கணக்கில்தான் வந்து இறங்கும். அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2020 திருத்தத்துக்கு முன் அது 50. அலுவலக நிர்வாகியாக உங்கள் சம்பளமும் அந்த இருபதுக்குள்தான்.

ஜிஎஸ்டியில் இரண்டு வரம்புகளை மனப்பாடம் செய்யுங்கள். சாஸ்திரிய அல்லது நாட்டுப்புற இசை, நடனம், நாடகக் கலைஞரின் சம்பளம் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரை விலக்கு. கச்சேரி, நடனம், நாடகத்துக்கான நுழைவுச் சீட்டு 500 ரூபாய் வரை விலக்கு. மெல்லிசைக் குழுவின் சம்பளத்துக்கு முதல் விலக்கு கிடையாது. மேடையில் சினிமாப் பாட்டு பாடினால் பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில் வசூலிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பின் உரிமம், ஒலிப்பதிவை ஓடவிட்டால் பிபிஎல் போன்ற ஒலிப்பதிவு உரிமையாளர் பக்கம் தனி உரிமம். தியாகராஜர் கீர்த்தனைக்கு உரிமம் வேண்டாம். அதையே ஒரு வித்வானின் ரெக்கார்டிலிருந்து இடைவேளையில் போட்டால் கேள்வி வரும்.