செபரேஷன் பேப்பரை நம்பிக் கல்யாணம் வைக்காதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர் பாகூர் பக்கம். என் தங்கைக்கு 2018-ல் திருவந்திபுரத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீடு நெல்லிக்குப்பம். குடி, அடி, மாமியார் பேச்சு என்று மூன்று வருஷம் பட்டாள். 2021-ல் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, 20 ரூபாய் பத்திரத்தில் ‘செபரேஷன் டீட்’ எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, நோட்டரி சீலும் வாங்கினோம். போட்ட 18 பவுனில் 12 தான் திரும்பி வந்தது. இப்போது வில்லியனூரில் நல்ல இடம் அமைந்திருக்கிறது, ஆவணியில் முகூர்த்தம். டிக்‌ஷனரியில் செபரேஷன் என்றால் டைவர்ஸ் என்றும் போட்டிருக்கிறது. இந்தப் பேப்பர் போதும்தானே? மீதி 6 பவுனுக்குக் கேஸ் போடலாமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் முக்கால் பங்கு நெல்லிக்குப்பம் வீட்டில் நடந்த கதை. முழுவதும் படித்தேன். அந்தப் பெண் பட்டது கொஞ்சமல்ல. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அதில் எதுவும் தேவையில்லை. எந்தக் கோர்ட்டாவது விவாகரத்துத் தீர்ப்புக் கொடுத்திருக்கிறதா? இல்லை. அப்படியானால் உங்கள் தங்கை இன்றைக்கும் அவருடைய மனைவிதான். ஆவணி முகூர்த்தத்தை நிறுத்துங்கள்.

டிக்‌ஷனரி தப்பாகச் சொல்லவில்லை. பிரிவு, விலகல், முறிவு, மணவிலக்கு எல்லாவற்றையும் அது ஒரே வரியில்தான் போடும். நம் ஊரிலும் ‘அத்துவிட்டாச்சு’, ‘தீர்த்துவிட்டாச்சு’ என்கிறோம். சட்டத்தில் மட்டும் செபரேஷன் தனி, டைவர்ஸ் தனி. 1955-ம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தில் 10-வது பிரிவு ஜுடிஷியல் செபரேஷன். ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் கடமை மட்டும் அதில் நிற்கும், கல்யாணம் அப்படியே இருக்கும், மறுமணம் செய்ய முடியாது. கோர்ட் கொடுக்கிற செபரேஷனுக்கே இவ்வளவுதான் பலம். நோட்டரி சீல் வைத்த செபரேஷன் கல்யாணத்தை எப்படி முறிக்கும்?

உங்கள் சாதியில் அறுத்துக்கட்டும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்தால் 29-வது பிரிவு அதைக் காப்பாற்றும். ஆனால் அந்த வழக்கத்தைச் சாட்சி வைத்து நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. ‘பெரியவர்கள் பேசினார்கள்’ என்பது வழக்கம் ஆகாது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவர்கள் சட்டத்துக்கு மாறிய ரெனோன்சான் குடும்பமாக இருந்தால் இந்தச் சட்டமே பொருந்தாது. அப்போது விஷயமே வேறு, தனியாக எழுதுங்கள்.

இனி நான் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். உங்களைப் போலவே நோட்டரி பேப்பரை நம்பி மறுமணம் செய்துகொண்ட ஒரு அம்மா, கடலூர்க்காரர், சில வருஷம் முன்பு என்னிடம் வந்தார். இரண்டாவது கணவர் அரசு வேலை. நல்ல மனிதர், ஒரு பையன், பதினோரு வருஷம் குறையில்லாமல் வாழ்ந்தார்கள். அவர் மாரடைப்பில் போனார். குடும்ப ஓய்வூதியத்துக்கு அந்த அம்மா மனுப் போட்டதும் கொழுந்தனார் ஆட்சேபம் கொடுத்தார். அதோடு அவர் இணைத்தது என்ன தெரியுமா? அதே செபரேஷன் பேப்பரின் ஜெராக்ஸ். விடுதலைப் பத்திரம் என்று நினைத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரப்படுத்தியிருந்தார் அந்த அம்மா. முதல் கணவர் உயிரோடு இருக்கிறார், விவாகரத்து ஆகவில்லை என்பதற்கு அதுவே சாட்சியாகிவிட்டது. செல்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளையையும் முறையான பிள்ளையாக ஏற்கும் 16-வது பிரிவு இந்துத் திருமணச் சட்டத்தில் இருப்பதால் பையனுக்கு அப்பா சொத்தில் பங்கு உண்டு. மனைவி என்ற இடம் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. எதிரே உட்கார்ந்து, ‘நான் அப்போ யாருங்க சார்?’ என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்தது கிரிமினல் பக்கம். கணவர் உயிரோடு இருக்க, விவாகரத்து இல்லாமல் செய்கிற கல்யாணம் செல்லாது. இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா, அதன் 82-வது பிரிவின்படி ஏழு வருஷம் வரை தண்டனையும் உண்டு. ‘அவரே கையெழுத்துப் போட்டாரே’ என்பீர்கள். அது தப்பிக்க வழியல்ல. கையெழுத்துப் போட்ட அதே ஆள் நாளைக்குக் கோர்ட்டில் தனிப் புகார் கொடுக்கலாம். பணம் பிடுங்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது.

அப்புறம் உங்கள் பேப்பரின் மூன்றாவது வரி. ‘இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழச் சம்மதிக்கிறோம்’ என்று இருக்கிறது. பெருந்தன்மையாகத் தெரிகிற இந்த வரிதான் பெண்ணுக்கு ஆபத்து. பி.என்.எஸ்.எஸ். என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவில், பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று ஒரு உட்பிரிவு உண்டு. விவாகரத்து ஆகிவிட்டால் மறுமணம் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். இப்போதோ அவள் மனைவியும்தான், கேட்கவும் தடை. இப்படிப் பேப்பரில் பிரிந்து மறுமணம் செய்த ஒரு பெண்ணுக்கு இரண்டாவது கணவர் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அதற்கு அந்தப் பெண் டெல்லி வரை போக வேண்டியிருந்தது. அந்தத் தீர்ப்பை நம்பி முகூர்த்தம் குறிக்காதீர்கள்.

சரி, என்ன செய்வது? இந்துத் திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில், இருவரும் சேர்ந்து விவாகரத்துக் கேட்கிற பரஸ்பர சம்மத மனு. தங்கை இப்போது இருக்கிற ஊரை வைத்துப் புதுச்சேரியில் போடலாம், கல்யாணம் நடந்த இடத்தை வைத்துக் கடலூரிலும் போடலாம். நோட்டரி பேப்பரையும் இணையுங்கள். 2021 முதல் பிரிந்திருக்கிறார்கள் என்று காட்ட அது உதவும், அந்த ஒன்றுக்கு மட்டும். எல்லாக் கணக்கும் பேசித் தீர்ந்துவிட்டது என்று காட்டினால், இரண்டாவது வாய்தாவுக்கான ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம். 2017 முதல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிவிட்டிருக்கிறது. தருவதும் தராததும் ஜட்ஜ் கையில்.

6 பவுன்? விட்டுவிடுங்கள். வாங்க உரிமை இல்லை என்பதால் சொல்லவில்லை. 13-பி-யில் தீர்ப்பு வரும் நாள் வரை இருவருக்கும் சம்மதம் இருக்க வேண்டும். நடுவில் அவர் ‘எனக்கு இஷ்டமில்லை’ என்றால் மனு அன்றோடு முடிந்தது. அப்புறம் அடித்ததையும் குடித்ததையும் சாட்சி வைத்து நிரூபிக்கிற கேஸ். அதற்கு வருஷக்கணக்காகும், வில்லியனூர் இடம் அதுவரை காத்திருக்காது. இன்னும் நாலு காசு கேட்டாலும், கையில் கொடுக்காமல் டி.டி. எடுத்து, கடைசி வாய்தாவில் ஜட்ஜ் முன்னால் கொடுங்கள். முன்பணமாகக் கொடுத்துவிட்டு, ஆள் கோர்ட்டுக்கு வராமல் தவித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆவணிச் சம்பந்தம் பற்றி நெல்லிக்குப்பம் பக்கம் மூச்சு விடாதீர்கள். தெரிந்தால் விலை ஏறும். வில்லியனூர்க்காரரிடம் மட்டும் நிலவரத்தை உள்ளபடி சொல்லிவிடுங்கள், அவருக்கு அது தெரிந்தாக வேண்டும். சம்மதத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது என்பதால் தீர்ப்பு வந்த பிறகு காத்திருக்கத் தேவையில்லை. சான்றிட்ட நகல் கைக்கு வந்ததும் பத்திரிகை அடிக்கக் கொடுங்கள்.