18ஆம் நூற்றாண்டு லண்டன் நாடக அரங்குகளில் அன்றாட வசூலை எப்படிக் கணக்குப் பார்த்தார்கள்? வாசலிலேயே காசு கைமாறிவிடாதா?

காமர்ஸ் படிக்கிறீர்கள், ப்ராஜெக்டுக்குக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நான் வரலாறு படித்தவன் இல்லை. லண்டனில் எம்.எஸ்ஸி. படித்த காலத்தில் ஒரு தியேட்டர் டிக்கெட் கவுண்டரில் பகுதிநேரமாக உட்கார்ந்தவன். அதனால்தான் உங்கள் கேள்வி சுருக்கென்று தைத்தது.

கைமாறும் என்று அவர்களுக்கும் தெரியும். அதற்காகவே தலை எண்ண ஒரு ஆள் வைத்திருந்தார்கள். தனக்கென்று ஒரு பாக்ஸில், அதாவது அரங்கின் பக்கவாட்டில் தடுத்து வைத்த சின்ன இருக்கை அறையில் உட்கார்ந்து, எங்கே எத்தனை பேர் என்று எண்ணுவதுதான் அவர் வேலை. வாசலில் காசு வாங்கியவர் சொல்லும் கணக்கு இவர் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். நூற்றாண்டின் நடுவில் ஒரு ஆளுக்குக் கட்டணம் பாக்ஸில் 5 ஷில்லிங், மேடைக்கு முன்னால் கீழே இருந்த பிட்டில் 3, மாடியில் முதல் கேலரியில் 2, அதற்கும் மேலே இருந்த கேலரியில் 1. பெருக்கினால் வசூல் வந்துவிடும். ஆனால் மூன்றாம் அங்கம் முடிந்ததும் பாதி விலைக்கு ஒரு கூட்டம் உள்ளே வரும். 1763இல் ட்ரூரி லேன் என்ற அரங்கை நடத்திய நடிகர் காரிக் அந்தச் சலுகையைக் குறைக்கப் பார்த்தார். ஜனங்கள் அரங்கையே உடைத்தார்கள், மனிதர் பணிந்துபோனார். எண்ணிக்கை பிசகினால் நாடகம் எழுதியவருக்கும் அடி. புது நாடகத்தின் 3, 6, 9ஆம் இரவு வசூலில் அரங்கச் செலவு போக மிச்சம்தான் அவர் வருமானம்.

இப்போது என் கதை. ஒரு டிசம்பர் சனிக்கிழமை ராத்திரி கல்லாவை எண்ணினால் 45 பவுண்ட் குறைந்தது. மூன்று தடவை எண்ணினேன். கவுண்டரில் நாலு பேர் இருந்தோம். மேனேஜர் பையைத் திறக்கச் சொன்னது என்னை மட்டும். உள்ளே ஒரு டிஃபன் பாக்ஸ், அதில் காய்ந்துபோன புளிசாதம். அதையும் திறந்து பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து டிராயருக்குப் பின்னால் ஒரு சீட்டு கிடைத்தது. மூன்று 15 பவுண்ட் டிக்கெட்டுக்கு யாரோ பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். என் கையெழுத்து இல்லை. ஒருவரும் சாரி சொல்லவில்லை. அன்று தலை எண்ண ஒருவர் இருந்திருந்தால், மூன்று தலை குறைகிறது என்று அங்கேயே சொல்லியிருப்பார். டிக்கெட் வாங்கிவிட்டு வராதவர்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள், சரி, நியாயம்தான். இனவெறி என்றும் நான் சொல்லவில்லை, அதற்குள் சண்டைக்குக் கிளம்பாதீர்கள். நல்லவர்களும் அங்கே இருந்தார்கள்.

அதே மாதம் அறையைக் காலி செய்தபோது, சுவரெல்லாம் சாம்பார் வாசனை என்று வீட்டுக்காரர் முன்பணத்தில் 100 பவுண்ட் பிடித்துக்கொண்டார். அவர் எங்கள் ஊர்க்காரர். என் சாம்பாரை வாங்கிச் சாப்பிட்டவர்.