'கார்லிக் அயோலி'க்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் கார்லிக் மயோனைஸ் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே 'கார்லிக் அயோலி' என்று ஒன்றைக் கூடுதல் விலைக்கு வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் பார்த்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே பொருட்கள். அயோலி என்றால் என்ன? அந்த விலை தகுமா?

பதில்: பொருட்கள் ஒன்றுதான் என்றால் தகாது. பெயருக்குத்தான் காசு.

'கார்லிக் அயோலி' என்ற பெயரே 'நடு சென்டர்' மாதிரிதான், பூண்டை இரண்டு முறை சொல்கிறது. தெற்கு பிரான்ஸின் ப்ரொவான்ஸ் பகுதி மொழியில் 'அய்' என்றால் பூண்டு, 'ஓலி' என்றால் எண்ணெய். ஸ்பெயினின் கட்டலோனியாவில் இதையே 'அலியோலி' என்பார்கள்: பூண்டும் எண்ணெயும். ரோமானிய எழுத்தாளர் ப்ளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே, பூண்டை எண்ணெயும் வினிகரும் விட்டு இடித்தால் நுரைத்துப் பெருகும் என்று எழுதியிருக்கிறார். ப்ரொவான்ஸ்காரர்களுக்கு இந்த சாஸ் மீது எவ்வளவு பெருமை என்றால், கவிஞர் மிஸ்ட்ரால் 1891இல் தொடங்கிய பத்திரிகைக்கே 'அயோலி' என்றுதான் பெயர் வைத்தார்.

மயோனைஸ் என்பது முட்டையும் எண்ணெயும் சேர்த்து அடிப்பது. அயோலியின் பெயரில் முட்டை இல்லை. கட்டலோனியாவின் பழைய முறையிலும் இல்லை. ப்ரொவான்ஸில் மஞ்சள் கரு சேர்ப்பது சகஜம். அதனால் முட்டை இருப்பதை வைத்து போலி என்று சொல்லிவிட முடியாது. பார்க்க வேண்டியது பொருட்கள் வரிசையை. எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது விதி. சோயா எண்ணெய், தண்ணீர், சர்க்கரை, ஸ்டார்ச் எல்லாம் முடிந்து கடைசியில் பூண்டுத் தூள் வந்தால் அது பூண்டு வாசம் காட்டிய மயோனைஸ். ஆலிவ் எண்ணெய் படம் மட்டும் முன்பக்கம் இருந்தால், அது எத்தனை சதவீதம் என்று பின்பக்கம் தேடுங்கள்.

கேள்வி: முட்டை சேர்க்காமல் வீட்டில் செய்தால் எண்ணெய் பிரிந்துவிடுகிறதே?

பதில்: எண்ணெயை அவசரப்பட்டு ஊற்றியிருப்பீர்கள். எண்ணெயைப் பிரியாமல் பிடித்துவைக்கும் சக்தி முட்டைக்கு அதிகம், பூண்டுக்குக் குறைவு.

பெரிய பூண்டுப் பல் 6, கல்லுப்பு கால் டீஸ்பூன், எண்ணெய் 150 மில்லி. பல்லை நீளவாக்கில் பிளந்து பச்சை முளையை எடுத்துவிடுங்கள், கசக்கும். சின்ன கல் உரலில் உப்போடு போட்டு, ஒரு துண்டுகூட விரலில் தட்டாத அளவுக்கு நைய இடியுங்கள். முதல் மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரே பக்கமாகச் சுற்றி அரைக்க வேண்டும். பளபளப்பாகத் திரண்ட பிறகு நூல் போல ஊற்றலாம். கடைசியில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு.

பிரிந்துவிட்டால் கொட்டிவிடாதீர்கள். வேறு இரண்டு பல்லை நைய இடித்து, ஒரு டீஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, பிரிந்ததை அதில் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். மிக்ஸியில் அடிப்பதானால் எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் எண்ணெய் மட்டும் போட வேண்டாம்; வேகத்தில் கசப்பு ஏறும். பாதி சூரியகாந்தி எண்ணெய் கலந்துகொள்ளுங்கள்.

ஊறுகாய் போல வெளியில் வைக்கவே கூடாது. பச்சைப் பூண்டு எண்ணெயில் மூழ்கிக் கிடந்தால் பொட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமி வளர இடம் கிடைக்கும்; வாசனையில் தெரியாது. ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.

ஓட்டலில் அயோலி வைத்தால், முட்டை பச்சையா என்று கேளுங்கள். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்ததே சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்குப் பயந்துதான். பெயர் மாறினாலும் கிருமி அதேதான்.