ஓட்டெடுப்பு இல்லாத சபை

அன்புள்ள ஐயா,

குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி மனதில் நின்றுவிட்டது. பாதிரியார் கிடையாது, ஓட்டெடுப்பும் கிடையாது என்கிறீர்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்கே மூன்று கோஷ்டி. அவர்கள் மட்டும் எப்படி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடிக்கிறார்கள்? மௌனமாக உட்கார்ந்திருப்பதுதான் காரணமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

மௌனம் பாதிக் காரணம்தான். மீதி, கூட்டத்தின் முடிவுகளை எழுதிவைக்கும் அவர்களுடைய மினிட் புத்தகத்தில் இருக்கிறது.

வட இங்கிலாந்தில் செட்பர்க் ஊருக்குப் பக்கத்தில் பிரிக்ஃபிளாட்ஸ் என்றொரு கூட்ட இல்லம், அதாவது குவேக்கர்கள் கூடி வழிபடும் இடம், உண்டு. வெள்ளையடித்த சின்னக் கட்டடம். 1675இல் கட்டினார்கள். அரசாங்கத் திருச்சபைக்கு வெளியே கூடி வழிபட்டால் ஜெயில் என்றிருந்த காலம் அது, தெரிந்தேதான் கட்டினார்கள். உள்ளே மாடிப்படி அருகில் நாய்களுக்கென்று ஓர் அடைப்பு. ஆடு வளர்க்கிற விவசாயிகள் நாயோடு வருவார்கள், அதற்காக. எனக்கு அந்த அடைப்பு மிகவும் பிடிக்கும். வந்தவனை அவன் பிழைப்போடு சேர்த்து ஏற்றுக்கொண்ட இடம் அது.

இப்படிப்பட்ட கூட்ட இல்லங்களில் வழிபாடு எளிமையானது. சுமார் ஒரு மணி நேரம் சேர்ந்து அமைதியாக உட்காருகிறார்கள். யாருக்காவது சொல்ல வேண்டும் என்று உள்ளிருந்து தோன்றினால் எழுந்து சொல்வார். யாரும் பதில் பேசுவதில்லை, மறுபடி அமைதி. முடிவில் மூப்பர் இருவர் கைகுலுக்குவார்கள், பிறகு எல்லோரும். அப்புறம் டீ. பிரிஸ்டல் நகரில் 1682இல் பெரியவர்களைச் சிறையில் தள்ளியபோது பிள்ளைகளே கூடி வழிபாட்டை நடத்தினார்கள். பாதிரியாரை நம்பி இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

சரி, உங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு வருவோம். கூரைக்கு ஓடு மாற்றுவது போன்ற காரியங்களைப் பேசும் கூட்டமும் அவர்களுக்கு வழிபாடுதான். அதுவும் மௌனத்தில்தான் தொடங்குகிறது. கிளார்க் என்று ஒருவர் இருப்பார். தலைவர் அல்ல, அவருக்குத் தனி அதிகாரம் எதுவும் இல்லை. ஒருவர் பேசி முடித்ததும் சற்று இடைவெளி விட்டுத்தான் அடுத்தவர் பேசுவார். கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று கிளார்க்குக்குப் புலப்பட்டதும் அங்கேயே எழுதத் தொடங்குவார். அவர் எழுதும்வரை மற்றவர்கள் பேசாமல் காத்திருப்பார்கள். எழுதியதை வாசிப்பார். ‘அந்தச் சொல் அவ்வளவு கடுமையாக வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால் திருத்தி மீண்டும் வாசிப்பார். எல்லோரும் ஏற்றால் புத்தகத்தில் ஏறும். இல்லையென்றால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பார்கள். தோற்ற கோஷ்டி என்று ஒன்று உருவாகவே வழியில்லை.

இதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் 1688இல் நான்கு பேர் அடிமை முறைக்கு எதிராக மனு எழுதினார்கள். உள்ளூர்க் கூட்டம் ‘இது பெரிய விஷயம்’ என்று மேல்கூட்டத்துக்கு அனுப்பியது. அது அதற்கும் மேலே அனுப்பியது. அங்கே கிடப்பில் போட்டார்கள். அடிமை முறையை எதிர்த்த பெஞ்சமின் லே என்ற குவேக்கர் 1738இல் உள்ளே குடைந்த புத்தகத்தில் செந்நிறப் பழச்சாறை மறைத்துவைத்து, ஆண்டுக் கூட்டத்தில் அதை வாளால் குத்திக் காட்டினார். ரத்தம்போல் தெறித்தது. அவரைத்தான் வெளியே அனுப்பினார்கள். அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்தது 1776இல். 88 வருஷம்! ஒருமனம் வரட்டும் என்று அவர்கள் காத்திருந்த காலமெல்லாம் அடிமைகள் உழைத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறையை எவ்வளவு மதித்தாலும் இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தொட்டி விஷயத்தில் அந்த ஆபத்து இல்லை. அதனால் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் செயலாளர் தீர்மானத்தை வீட்டில் போய் எழுதிக்கொண்டு வர வேண்டாம். கூட்டத்திலேயே, எல்லோர் முன்னிலையிலும் எழுதி வாசிக்கட்டும். கோஷ்டி மூன்றும் அந்த வாசகத்தை ஏற்றபிறகே கலையுங்கள். முதல் கூட்டம் இரவு பத்து மணி வரை போகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.